அரை ஆள்

அக்டோபரில் ஹால்வர் போய்விட்டார்,
தனியார் நிறுவனத்துக்கு,
ஏரி தெரியும் ஜன்னலுக்கு.
விட்டுப்போனவை:
காது உடைந்த காபிக் கோப்பை,
ஒரு பக்கம் சாயும் நாற்காலி,
இருநூற்றுப் பதினான்கு கோப்புகள்.

சாப்பாட்டு மேசையில் பங்கிட்டோம்,
சீட்டுக் கலைத்துப் போடுவதுபோல.
வெண்டிக்கு நாய்க்கடியும் நடைபாதைச் சறுக்கல்களும்.
மாய் யெங்குக்குப் போலீஸ் விவகாரம் அத்தனையும்.
சாக்கடை எனக்கு.
நான் வக்கீல் இல்லை, முத்திரை குத்துகிறவன்.
"பதில் எழுதத் தெரியும் இல்லையா?" என்றாள் வெண்டி.
தெரியும். இருப்பது ஒரே பதில்தான்:
தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.

டுலூத் நகரமன்றம், மூன்றாம் மாடி.
வெளியே பனி வாரும் வண்டி
யாருடைய அஞ்சல் பெட்டியையோ சாய்த்துவிட்டுப் போகிறது.
அதுவும் இங்கேதான் வரும்,
பத்து நாளில், மூன்று பிரதிகளாக.

செவ்வாய்தோறும் பத்தரைக்கு
லவெர்ன் டொமிச் கூப்பிடுவாள்.
ஜூன் மழையில் நகரத்தின் குழாய் ஏப்பம் விட்டு
அவள் நிலவறையில் நாற்றத் தண்ணீர்.
துணி துவைக்கும் இயந்திரம்,
கணவர் விட்டுப்போன அக்கார்டியன்,
வருமானவரிக் காகிதம் இருபது வருடத்தது.
கோபப்படமாட்டாள், அதுதான் கஷ்டம்.
"என் காகிதம் இப்போ எந்த உயரத்துல இருக்கு?" என்பாள்.
குவியலைப் பார்த்துச் சொல்வேன்:
"முழங்கால் அளவு, அம்மா."
"தண்ணியும் அவ்வளவுதான் வந்துச்சு" என்பாள்.

பிப்ரவரியில் பட்ஜெட் கூட்டம்.
கேட்டது ஒரே ஒரு பணியிடம்.
பேச வெண்டிக்கு மூன்று நிமிடம்.
அதே மணிக்கு அவளுக்குக் கோர்ட்டு;
நீதிபதி வாய்தா தரமாட்டேன் என்றுவிட்டார்.
மாய்க்குச் சாட்சி விசாரணை.
காகிதம் என் கையில் திணிக்கப்பட்டது.

ஆள் போதவில்லை என்று சொல்லவும்
ஆளில்லை.

வாசித்தேன்.
ஒரு வக்கீல் தாங்கக்கூடியது அறுபது,
தலைக்கு இப்போது நூற்றெண்பது,
ஞாயிற்றுக்கிழமைகள் இத்தனை.
உறுப்பினர் ஸ்டென்பெர்க், நல்ல மனிதர்தான்,
இருமல் மிட்டாயைப் பிரித்தபடி கேட்டார்:
"பதில் தாமதமானால்
நகரத்துக்கு நட்டம் எவ்வளவு?"

அதற்கான பதில் காகிதத்தில் இல்லை.
எனக்குத் தெரியும்.
முடித்த கோப்புகளுக்கும் நான்தானே முத்திரை.
கெடு தாண்டியவை.
வீடு மாறி, கடிதம் திரும்பியவை.
அலுத்துப்போனவை.
செத்துப்போனவர்களுடையது நாலைந்து.
தாமதத்தால் நகரம் தோற்றது கொஞ்சம்,
ஜெயித்தது நிறைய.
எங்கள் காலி நாற்காலிதான்
நகரத்தின் மிகத் திறமையான வக்கீல்.
சம்பளம்கூடக் கேட்பதில்லை.

"கணக்கெடுத்து அனுப்புகிறோம்" என்றேன்.
மணி அடித்தது.

மார்ச்சில் உத்தரவு வந்தது:
அரைப் பணியிடம்.
"இடுப்புக்கு மேலயா, கீழயா?" என்றாள் மாய்.
வெண்டி சிரித்தாள்,
நிறுத்த முடியாமல் கழிப்பறைக்குப் போனாள்,
கால்மணி நேரம் வரவில்லை.
நேரத்தாளில் அந்தக் கால்மணியை
எந்த வழக்கின் தலையில் எழுதுவது?

அரை ஆளின் பெயர் கீர்ஸ்டின் ஆலே.
முதல் நாள் செவ்வாய்.
ஹால்வரின் நாற்காலி அவளையும் ஒரு பக்கம் சாய்த்தது.
எதிலிருந்து தொடங்கட்டும் என்றாள்.
மணி பத்தரை.
போன் அடிக்கவில்லை.
பத்தே முக்கால்.

முழங்கால் உயரத்திலிருந்து உருவினேன்;
மேலே இருந்தவை சரிந்தன, சரியட்டும்.
மனுவில் எண் இருந்தது.
இத்தனை மாதத்தில் நான் ஒருமுறையும்
சுழற்றாத எண்.

ஏழாவது மணியில் எடுத்தாள்.
"இன்னைக்குச் செவ்வாயா?" என்றாள்.
"பாருங்க, மறந்தே போச்சு."

எழுந்து கதவைச் சாத்தினேன்.
நகரம் சம்பளம் தரும் குரலைத் தாழ்த்தி,
"மறக்காதீங்க" என்றேன்,
"கெடு ஜூன் ஒன்பது.
எழுதிக்கிறீங்களா? பேனா இருக்கா?"