மறுகா

நாற்பது பேரின் மின்னஞ்சலுக்கு எவ்வளவு இடம் வேணும் என்று
நல்லரெத்தினம் சேர் கேட்டார்.
கடிதம் மெலிவு சேர், இணைப்புகள்தான் கொழுக்கும்:
ஸ்கேன் செய்த உறுதிகள்,
கடனுக்கு நிற்கும் மாடுகளின் படங்கள்.
பேக்கப்பும் அதே பெட்டிக்குள்ள கிடக்கட்டும் என்றார்.
வாவி ஏறினால்
ரெண்டும் ஒண்டாத்தானே குளிக்கும்?
பிரதியை அம்பாறைக் கிளைக்கு அனுப்ப
மூன்று கூட்டம்.
கிழமைக்கு இரண்டு தரம்,
காசு அவ்வளவுதான்.

வியாழன் இரவு டிஸ்க் செத்தது.
கல்லடியில் மழையில்லை, கரண்ட் இருந்தது,
சும்மா செத்தது.
அம்பாறையிலிருந்து செவ்வாய்க்கிழமை
மெல்ல மெல்ல இறங்கியது.
இரண்டு பத்துக்கு மெய்நிகர் சேர்வர் எழும்பியது.
ஒருவருக்கும் புதன் இல்லை.
புதன் பின்னேரம் நான் அனுப்பி
சேர் திறக்காமல் வைத்திருந்த
ராஜினாமாக் கடிதமும்.

விடிய அழைத்தார்:
“ஏதும் தொலஞ்சதா பிள்ள?”

மறுகா சொல்றன் சேர்.