முந்நூற்று ஐம்பத்தெட்டு கிராம்

லோரிகள் வராத ஒரு மதிய இடைவெளியில்
ஆலையின் எடைபாலத்து நடுவில்
என் பாடெல் மட்டையைக் கிடத்திவிட்டு
கூண்டுக்குள் ஓடிவந்து பார்த்தேன்.
சுழியம்.
செம்பனைக் குலைகளையே நிறுத்துப் பழகிய பாலம்,
பத்துக் கிலோவுக்குக் கீழே
எதையும் கண்டுகொள்ளாது.

பிறகு ஆ சூன் கடையில்
நெத்திலி நிறுக்கும் தராசில் வைத்தேன்.
முந்நூற்று ஐம்பத்தெட்டு.
பிடிக்கு இன்னொரு துணிச்சுற்று போட்டதும்
அறுபத்தைந்து.

வட்ட முகம்.
தோசைக்கல் என்றான் தனபாலன்.
சொல்லட்டும்.
கனமெல்லாம் கைப்பிடிப் பக்கம் இறங்கியிருப்பதால்
மணிக்கட்டு இதைச் சுமப்பதில்லை,
திருப்புகிறது.
உள்ளே மெத்தென்ற நுரை.
பந்து வந்து பட்டதும் ஒரு கணம் தங்கும்,
இறங்குமுன் பேருந்துப் படியில் நின்று
சில்லறையை எண்ணிப் பார்ப்பவர் மாதிரி.
எங்கே அனுப்பலாம் என்று
அதற்குள்தான் நான் முடிவெடுக்க வேண்டும்.

பகாவில் புதன்கிழமை இரவு ஒன்பது.
டயர் கடையாக இருந்த கொட்டகை,
நாலு பக்கமும் இப்போது கண்ணாடியும் கம்பிவலையும்.
நானும் புஷ்பலீலாவும் இந்தப் பக்கம்.
உரம் விற்கும் தனபாலனும்
கிளினிக் அஸ்மானும் அந்தப் பக்கம்.

தனபாலனுடையது வைர வடிவம், தலைக்கனம்,
ஆயிரத்து நானூறு ரிங்கிட்.
நடுவில் பட்டால் கண்ணாடி நடுங்கும்.
விளிம்பில் பட்டால்
லாலாங் புல்லுக்குள் கைபேசி வெளிச்சத்தோடு
அவனே இறங்கித் தேடவேண்டும்.
என்னுடையதில் விளிம்பில் பட்ட பந்து
நினைத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழும்.
அவ்வளவுதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன்.
தலைக்குமேல் லட்டு மாதிரி ஒரு பந்து வரும்.
இடுப்பு, தோள், இந்த மாத ஓவர்டைம் எல்லாம் சேர்த்து
ஓங்கி அடிப்பேன்.
அது பின்கண்ணாடியில் மோதி
நிதானமாக எழும்பி
சம்பளத் தேதி கேட்க வந்தவன் போல
அஸ்மானின் இடுப்பளவில் வந்து நிற்கும்.
முடித்துவைக்கத் தெரியாத மட்டை இது.
காருக்குள் வெயிலில் விட்டால்
இன்னும் சோம்பேறி.

ஐந்துக்கு ஐந்து.
மழை.
தகரக் கூரை எல்லாக் காதையும் எடுத்துக்கொண்டது.
‘எனக்கு’ என்று லீலா கத்துவது
வாயசைவாகத்தான் தெரிந்தது.
அதுவரை ‘தொப்’பென்ற சத்தத்தை வைத்தே
நடுவில் பட்டதா என்று தெரிந்துகொண்டிருந்தவள் நான்.
இனி உள்ளங்கைதான்.

வலைக்கு ஒட்டி வந்து நின்றார்கள் இரண்டு பேரும்.
மட்டையைத் தாழ்த்தி
பந்துக்கு அடியில் நுழைத்துத் தூக்கினேன்.
‘கொஞ்சம் பின்னே, இன்னும் அரை அடி,
போதும்’ என்று
தினமும் லோரிக்காரருக்குக் காட்டும் அதே கை.
விளக்கைச் சுற்றிய ஈசல்களுக்கு நடுவே
பந்து ஒரு நிமிஷம் காணாமல் போனது.
தனபாலன் அண்ணாந்தபடி பின்னால் ஓடினான்.
விழுந்தது.
கண்ணாடியின் காலடியில் தட்டி
அங்கேயே படுத்துக்கொண்டது.

அடுத்ததும் அப்படியே.
அதற்கடுத்ததும்.
நாலாவது மட்டும் ஒரு அடி குறைந்துவிட்டது.
அந்த ஒரு அடி தனபாலனுக்குப் போதும்.

ஏழுக்கு ஐந்து, தோற்றோம்.

மழை விடட்டும் என்று
குளிர்ந்த மைலோ பொட்டலத்தோடு நின்றபோது
‘கொடுங்க பார்ப்போம்’ என்று வாங்கினான்.
ஓங்கி ஒரு அடி அடித்தான்.
பந்து அவசரப்படாமல் போய்
அவசரப்படாமல் திரும்பி வந்தது.
‘அடியே இல்லையே இதில்.’
இதே வார்த்தையைச் சொல்லித்தான்
சிரம்பான்காரர் ஒருவர்
பாதி விலைக்கு எனக்குத் தள்ளிவிட்டார்.
அதை நான் சொல்லவில்லை.

இன்னொரு பந்து கேட்டான்.
இந்த முறை மெதுவாகத் தூக்கிவிட்டு
அது எங்கே இறங்குகிறது என்று
கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே,
‘எவ்வளவுக்கு வாங்கினீங்க?’