அடியில் நிற்பது

பதினெட்டாம் ஃபீல்டு ஏற்றத்தில்
லோரி மூன்று முறை இருமியது.
நான்காம் முறை
வெள்ளைப் புகை கக்கிப் படுத்துக்கொண்டது.
முதுகில் ஐந்து டன் செம்பனைக் குலை.
நாளை மத்தியானத்துக்குள் மில்லுக்குப் போகாவிட்டால்
அங்கே கிரேடர்
மூக்கையும் சுருக்குவான், விலையையும் சுருக்குவான்.

சவரிமுத்து போன் செய்தபோது
சுங்காய் கடைத்தெருவில்
கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
"எண்ணெயில தண்ணிக்கா" என்றான்.
எத்தனை லிட்டர் எடுத்தாய்,
எத்தனை லிட்டர் வாய்க்கால் நீரை ஊற்றி
அளவைச் சரிக்கட்டினாய்
என்று நான் கேட்கவில்லை.
கேட்காதது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.
கொஞ்ச நேரம் போனில் மழைதான் பேசியது.

இரவு. மழை விட்டும் மட்டைகள் சொட்டுகின்றன.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வண்டிக்கடியில் நுழைந்தேன்.
வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு,
அதன் கீழே காயா ஜாம் போத்தல்,
லேபிள் பாதி சுரண்டியது.
முதலில் வந்தது கலங்கல் தேநீர்.
அப்புறம் ஒரு கருங்கோழை,
எண்ணெயும் நீரும் தொட்டுக்கொள்ளும் கோட்டில்
குடும்பம் நடத்தும் பூச்சிகளின் அழுக்கு.

போத்தலை பம்பர் மேல் வைத்துவிட்டுக்
காத்திருக்க வேண்டும்.
அவசரக் கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறம்.
ஒரு கொசு, இரண்டு கொசு, எண்ணிக்கை விட்டுப்போனது.
சவரிமுத்து தள்ளி நின்றான்,
பற்றவைக்காத சிகரெட்டை விரலில் உருட்டிக்கொண்டு.
மெல்லப் பிரிந்தது.
மேலே தேன். கீழே
இரண்டு விரல் உயரத்துக்கு
ஒன்றுமே தெரியாததுபோல் தெளிந்த நீர்.
இதற்கு அன்னப்பறவை வேண்டாம்,
ஜாம் போத்தல் போதும்.

எங்கிருந்து?
அதே பம்பில் ஊற்றிய ரஹ்மானின் டிராக்டர்
காலையிலிருந்து நிற்காமல் ஓடுகிறது.
அப்படியென்றால் பம்பு இல்லை.
டாங்கியைப் பார்க்க வேண்டும்.
ஆ கியோங் கடைப் பசையைக் குச்சியில் தடவினேன்,
மண்ணிறப் பசை, நீர் பட்டால் சிவக்கும்.
"மூடியத் திறக்கணும்" என்றேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
"சாவி உங்ககிட்டதானேக்கா."

என்னிடம்தான்.
ஏப்ரல் மாதத்திலிருந்து
என் இடுப்புக் கொத்தில் ஏழாவது சாவி.
பதினெட்டு வெள்ளி கொடுத்து வாங்கிய பூட்டு மூடி.
போட்ட அன்றே சொன்னான்,
ரப்பர் வளையம் சரியா உட்காரலக்கா, மழை குடிக்கும் என்று.
திருடன் வேறென்ன சொல்வான்
என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மூடியைச் சுற்றி இப்போதும் ஒரு குட்டிக் குளம்.
திருகத் திருக உள்ளே ஒழுகியது.
குச்சி நாலு விரற்கடை சிவந்து வெளியே வந்தது.
அரை டாங்கிக்கு மேல் ஊற்றாதே என்றதும் நான்தான்.
மீதி அரைக்குக் காற்று.
காற்றும் விடிய விடிய வியர்த்து
தகரத்தில் முத்துமுத்தாக இறங்கியிருக்கிறது,
என் சந்தேகத்துக்கு நான் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில்.

அதன்பின் கைவேலைதான்.
அடிப்பிளக்கைக் கழற்றித் தோம்பில் வடித்தோம்.
புது ஃபில்டர். கைப்பம்பை அவன் அழுத்த,
காற்றுத் திருகை நான் பிடிக்க,
நுரை, நுரை, நுரை,
திடீரென்று நுரையில்லாத ஒரு நூல்.
"மூடுங்க" என்றான். மூடினேன்.
பழைய மூடியைக் கருவிப்பெட்டியிலிருந்து எடுத்தான்.
துணியில் சுற்றி, வளையத்துக்கு கிரீஸ் தடவி
எப்போதோ வைத்திருந்தது.
நான் எதுவும் சொல்லவில்லை. அவனும்.

மூன்றாம் உதையில் எஞ்சின் பிடித்தது.
வெள்ளைப் புகை, சாம்பல் புகை,
பிறகு புகையே இல்லை.

மறுநாள் மாலை கணக்குப் புத்தகம்.
ஃபில்டர், பசை, மில்லில் பிடித்த தொகை,
ஓவர்டைம் நான்கு மணி.
டீசல், முழு டாங்கி.
பூட்டு மூடி, பதினெட்டு வெள்ளி
என்று எழுதிவிட்டு
யார் பெயரில் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன்.
மை ஊறிப் பொட்டாகப் பரவியது.