எழுவாய்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் றோட்டில்
ஒரு பொலிஸ் நிலையம். பெயர் வேண்டாம்.
அங்கே தமிழில் கதைக்கிற பெண் கொன்ஸ்தாபிள்
நான் ஒருத்திதான்.
முறைப்பாடு கொண்டுவருகிற சனம் எல்லாம்
என் வாய் வழியாகத்தான்
புத்தகத்துக்குள் போகவேணும்.

புவனலோசினி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
சொப்பின் பைக்குள் ஆஸ்பத்திரித் துண்டு,
அடையாள அட்டை, மகனுடைய மணல் பெர்மிட்.
மூன்றையும் மேசையில் வைத்து
மேலே கையை ஊன்றிக்கொண்டாள்,
ஃபான் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதுபோல.

"பெர்மிட் இருக்கெண்டு காட்டினவன், பிள்ளை.
ஐயாயிரம் கேட்டவை. இல்லையெண்டவன்.
உங்கட சார்ஜன் மிசினால இழுத்து இறக்கி
இடப்பக்கக் காதோட சேர்த்து அடிச்சவர்.
இப்ப கூப்பிட்டாக் கேக்குதில்லை."

உங்கட சார்ஜன்
அடுத்த மேசையில் பால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.
தலையைத் தூக்காமல் சொன்னார்:
விழுந்தான் என்று எழுது.

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் எனக்கு நன்றாக வரும்.
'அடித்தார்' என்றால்
யார் என்று வசனம் கேட்கும்.
'விழுந்தான்' என்றால்
வசனம் வாயை மூடிக்கொள்ளும்.
மிசின் தானாக நின்றிருக்கும்.
றோட்டு தானாக எழும்பி வந்து
காதில் மோதியிருக்கும்.

சிங்களத்தில் எழுதினேன்.
என் கையெழுத்து அழகு என்று
பயிற்சிக் கல்லூரியில் பாராட்டியவர்கள்.
புவனலோசினி பேனையை வாங்கினாள்.
"நான் சொன்னதெல்லாம் வந்திட்டுதோ, பிள்ளை?"

ஓம் அம்மா.

இரண்டு சொல்.
அதில் ஒன்று அம்மா.

பிறகு விசாரணை என்றார்கள்.
சார்ஜனுக்கு இடமாற்றம் வந்தது, கடற்கரைப் பக்கம்,
அவர் கனகாலம் கேட்டுக்கொண்டிருந்த இடம்.
பிரியாவிடைக்கு ஆளுக்கு முந்நூறு சேர்த்தோம்.
கேக் வெட்டிக் கொடுத்தது நான்.
கத்தி எனக்குக் கிட்ட இருந்தது.

மாசியில் அந்த ஊரில்
தண்ணீர் இறைக்கிற மோட்டர் நாலு களவு போனது.
ஒருவரும் எங்களிடம் வரவில்லை.
கள்ளனைப் பிடித்து
முன்பள்ளி ஊஞ்சல் கம்பியில் கட்டி
விடிய விடிய அடித்திருக்கிறார்கள்.
நாங்கள் போய் இறங்கியபோது
அவனுக்கு முகம் என்று ஒன்று இல்லை.
வயது பத்தொன்பது இருக்கும்.
"ஆர் அடிச்சது?" என்று கேட்டேன்.

"விழுந்தவன்," என்றாள் ஒருத்தி.

ஒருவரும் சிரிக்கவில்லை.
ஊஞ்சல் மட்டும் கொஞ்சம் ஆடியது.

நேற்று மனித உரிமைக் கந்தோரிலிருந்து எனக்குக் கடிதம்.
சாட்சி. வியாழன், ஒன்பது மணி, வவுனியா.
பொறுப்பதிகாரி வாசித்துவிட்டு
"உனக்கு ஞாபகமிராது, ஒரு வருசமாச்சே" என்றார்.
அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பயம்.

பின்னேரம் உடுப்பு மாற்றி, சைக்கிளில் போனேன்.
நாய் குரைத்தது.
புவனலோசினி மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.
கதிரை தரவில்லை.
நின்றபடி,
புத்தகத்தில் இருக்கிறதைத் தமிழில் சொன்னேன்,
நான் எழுதினதை, எழுதினபடி.
அவள் கை நிற்கவில்லை.
காம்பு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம்.

மகனுக்குக் கேட்கவில்லைப் போல.
கிட்ட வந்து
வலப்பக்கக் காதைத் திருப்பினான்.
"திருப்பிச் சொல்லுங்கோ."

இம்முறை
சார்ஜனின் பெயரில் தொடங்கினேன்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.
"இதை அங்க போயும் சொல்லுவியோ?"

ஓம் என்று நாக்கு நுனி வரை வந்தது.
அந்தச் சொல்லை அவளுக்கு நான்
முன்பும் ஒருக்கால் கொடுத்திருக்கிறேன்.

வியாழன் முதல் பஸ்
ஐந்தே முக்காலுக்கு, என்றேன்.