ஒடிந்த நகம்

சனிக்கிழமை, எழுநூறாவது பீடியின்
வாயை மடக்கும்போது நகம் ஒடிந்தது.
மறுநாள் ஆராதனைக்குக் கிட்டார் நான்தான்.

முக்கூடலிலிருந்து பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை.
கடைக்காரர் தாசையா
பிக்குகளைக் கண்ணாடிமேல் கொட்டினார்.
மெல்லியது,
ஃபேன் காற்றில் காலண்டர் படபடக்கிற சத்தம்.
தடித்தது
ஒவ்வொரு கம்பியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது,
வட்டிக்காரன் மாதிரி.
நடுத்தரத்தில் ஒன்று எடுத்தேன். பழுப்பு. பத்து ரூபாய்.

“கீழ மட்டும் அடிக்காதீங்க,
மேலயும் இழுங்க.”

இழுத்தேன். பாட்டு அரைவரி முந்திப் போயிற்று.
கொயரில் கிறிஸ்டிலா முறைத்தாள்.
கடைசிச் சரணத்துக்குப் பிக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு
மிச்ச விரல்களால் மீட்டினேன்.

திங்கள். சொளவில் இலை, தூள், நூல்.
நகம் வளரவில்லை.
பர்ஸைத் துழாவிப் பிக்கை எடுத்தேன்.

பீடி வாய்
நல்லாவே மடங்குது.