ஐம்பது யூரோ வித்தியாசம்

இரண்டாயிரத்து ஒன்பது, மார்ச் மாதம்.
கயானி நகரத்து வக்கீல் அலுவலகத்தில்
எங்கள் பதினாறு வருடங்களை
ஒரே தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்தார்கள்.

துவைக்கும் இயந்திரம், 350 யூரோ: எனக்கு.
பழைய டொயோட்டா செலிகா, தொண்ணூற்றிரண்டாம் வருடத்தது,
சக்கர வளைவில் துரு, 400 யூரோ: வெய்யோவுக்கு.
ஐம்பது யூரோ இடித்தது.
வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மீன் புகைபோடும் தகரப்பெட்டியை
என் பத்திக்குத் தள்ளினார்.
தராசு முள் நடுவில் நின்றது.
கைகுலுக்கிக்கொண்டோம்.

இயந்திரம் நாலாம் வருடம் செத்தது.
கடைசி நாட்களில் சுழலச் சுழல
குளியலறை வாசல்வரை நடந்து வரும்,
எங்கோ கிளம்புவதுபோல.

செலிகா ஒரு வைக்கோல் கொட்டகையில் தூங்கியது.
அதன் கூடப்பிறந்தவை
சாலைக்குப் போடும் உப்பில் கரைந்தன,
பதினெட்டு வயதுப் பையன்கள் கையில்
பைன் மரங்களைக் கட்டிக்கொண்டன.
பிறகு அந்தப் பையன்கள்
வழுக்கை விழுந்து, பல் டாக்டர்களாகி,
தாங்கள் நொறுக்கியதையே
திரும்ப வாங்கக் கிளம்பினார்கள்.

நாலாயிரம்.
ஒன்பதாயிரம்.
பத்தொன்பது.
மளிகைக் கடை வரிசையில் யாராவது
எனக்கு விலை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்,
துக்கம் விசாரிக்கும் குரலில்.

போன வாரம் வெய்யோவே கூப்பிட்டான்.
ஹாம்பர்க்கிலிருந்து ஒருவர்
முப்பத்தெட்டாயிரம் தருகிறாராம்.
சர்வீஸ் புத்தகமும் இருந்தால் நாற்பத்திரண்டு.
"நீல அட்டை போட்டது. உன்னிடம் இருக்குமோ?"

இருந்தது.
ரப்பர் பேண்டுகளும் தீர்ந்த பேட்டரிகளும்
கிடக்கும் இழுப்பறையில்.
முத்திரைகள் நாலாம் பக்கத்தோடு நின்றிருந்தன,
கையில் காசு நின்ற வருடம்.
அதற்குப் பின் எல்லாம் என் கையெழுத்து.
எண்ணெய் மாற்றியது, வடிகட்டி மாற்றியது.
டைமிங் பெல்ட்: நானும் தங்கை ரீட்வாவும்,
மைனஸ் பத்தொன்பதில், டார்ச்சை வாயில் கவ்வியபடி.
பெட்ரோல் கணக்குக்குப் பக்கத்தில், ஓரமாக:
"ஓவ்லு ஆஸ்பத்திரி. 1 மணி 22 நிமிடம்."
வெய்யோ கண்ணில் இரும்புத் துகள் பாய்ந்த இரவு அது.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு
மறு கண்ணால் வேகமானியைப் பார்த்துப்
பார்த்து அலறிக்கொண்டே வந்தான்.

ஹாம்பர்க்காரருக்கு எங்கள் மொழி தெரியாது.
தேதியும் கிலோமீட்டரும் போதுமாம்.
இந்தக் கிறுக்கலுக்குத்தான் நாலாயிரம்.

"பாதி உனக்கு" என்றான் வெய்யோ. நேர்மையானவன்,
அதுதான் அவனிடம் எரிச்சலே.
பழைய தாளைத் தேடி எடுத்தேன்.
மண்வெட்டி இருக்கிறது, ஏணி இருக்கிறது,
புத்தகம் எந்தப் பத்தியிலும் இல்லை.
"அப்படியென்றால் இது யாருடையது?"
மூக்கால் மூச்சு விட்டான்.
யோசிக்கும்போது இன்னும் அப்படித்தான்.

சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன் என்றேன்.
குளிர்கால டயர் போட்டு வை.
டேங்க்கை நிரப்பி வை.
ஓவ்லுவரை போய்த் திரும்புவேன், தனியாக.

"முன்னூற்று அறுபது கிலோமீட்டர் கூடுமே,
விலை இறங்குமே" என்றான்.
எவ்வளவு இறங்கும்?
நிஜமாகவே கணக்குப் போட்டான்.
பென்சில் சத்தம் கேட்டது.

"ஒரு ஐம்பது யூரோ."

சரி, என்றேன்.
வரும்போது மீன் பெட்டியை எடுத்து வருகிறேன்.