சீட்டு

இசிப்பிங்கோ கிளினிக்கில் மூன்றாம் அறைக்கு
ஜன்னல் உண்டு, திறக்காது.
ஏறும் படியை யாரோ
பல் அறைக்குத் தூக்கிப்போய்விட்டார்கள்.
அவர் எக்கி ஏறுகையில்
கட்டிலில் விரித்த காகிதம் கிழிகிறது.
பரவாயில்லை, சுருளில் இன்னும் இருக்கிறது.

லாரி ஓட்டுகிறவர்.
டர்பன் துறைமுகம், ஜோஹன்னஸ்பர்க், மறுபடி துறைமுகம்.
அட்டையில் கண்ணியப்பன் வாண்டையார் என்றிருக்கிறது.
பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க சிஸ்டர்,
நம்பர் போதும் என்றார் வரிசையில்.
எழுபத்திரண்டு.

மணிக்கட்டில் காப்புக்கயிறு,
மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.
விரதம் ஆறாம் நாள்.
நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்,
பட்டனைத் தேடும் தன் விரல்களைப் பார்த்தபடி.

கையுறை மாட்டும் சத்தத்துக்கு
ஆண்கள் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள்.
அங்கே ஒரு மழைக்கறை.
நாயா மாடா என்று
எட்டு வருடமாய் எனக்கும் தெரியவில்லை.

முதலில் தொடையிடுக்கு.
இருபுறமும் நெறி கட்டியிருக்கிறது,
புளியங்கொட்டை அளவு,
விரலுக்கடியில் ரப்பராய் நழுவுகிறது.
பிறகு முன்தோல்.
நீங்களே பின்னுக்குத் தள்ளுங்க என்பேன் எப்போதும்.
உடம்பு அவருடையது என்று
அந்த நேரத்தில் ஒருவராவது சொல்ல வேண்டும்.

விளக்கை இழுக்கிறேன்.
ஒன்றே ஒன்று. வட்டம். சீழ் இல்லை.
விளிம்பு சட்டைப் பொத்தான்போல் கெட்டி.

வலிக்குதா?
இல்லை.
இப்போ?
இல்லை சிஸ்டர். அதனாலதான் மூணு வாரம் விட்டுட்டேன்.

கொப்புளித்து எரிகிறவை கூப்பாடு போட்டு
ஆளை இங்கே இழுத்து வந்துவிடும்.
இது வாய் திறக்காது.
தானாய் ஆறும்.
ஆறிவிட்டது என்று ஆள் நிம்மதியாய் உறங்குகையில்
ரத்தத்துக்குள் தன் வேலையைப் பார்க்கும்.

இரண்டு குழாய் ரத்தம் எடுத்தேன்.
பெனிசிலின், பிட்டத்தில் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.
ஊசியைக் கண்டதும் காலை மடக்கிக்கொண்டார்,
வருகிற ஞாயிறு முதுகில்
அறுபது கொக்கி ஏற்றப்போகிறவர்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்.

காவடி எடுக்கலாமா?

எங்கள் கையேட்டில் அதற்குப் பக்கம் இல்லை.
கொக்கி வேண்டாம், குத்துகிறவர் கையில் ரத்தம் படும்,
பால்குடம் எடுங்க என்றேன்.
மற்றதை முருகனிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்க.

பிறகு சீட்டு.
பஸ் டிக்கெட் அகலம்தான்.
நோயின் பெயர் இராது.
ஒரு குறியெண், கிளினிக் நேரம், என் கையெழுத்து.
எத்தனை வேணும் என்று கேட்பதுதான் கஷ்டம்,
அதைக் கையுறை போட்டுக்கொண்டு கேட்க முடியாது.

ஒண்ணு என்றார்.
கிழித்தேன்.
பெல்ட்டை இறுக்கினார், நன்றி சொன்னார்,
கதவுவரை போனார்.
கைப்பிடியில் கை. திரும்பவில்லை.
ஹாரிஸ்மித்துல ஒருத்தி என்றார்.
கிழித்தேன்.
கை இன்னும் கைப்பிடியிலேயே இருந்தது.
சீட்டுப் புத்தகத்தையே நீட்டினேன்.

வியாழக்கிழமை, எண் பதினெட்டு.
தையல் ஆலைச் சீருடை, தோளில் நூல்துணுக்கு.
நான்காய் மடித்த சீட்டைப் பிரிக்கிறாள்,
ஓரத்தில் மஞ்சள் ஒட்டியிருக்கிறது.

இது உங்க கையெழுத்தா?
ஆமாம்.
அப்ப எனக்கு முந்தி
உங்களுக்குத் தெரியும்.

சுருளிலிருந்து புதுக் காகிதம் இழுக்கிறேன்.
படி இன்னும் திரும்பி வரவில்லை.
கையுறை போடவில்லை இன்னும்.
என் கையைப் பிடிச்சு ஏறுங்க, என்கிறேன்.